கம்ப்ரஷன் என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று அளவுகள்: சிறு மாடல் என்ஜின்களுக்கான எளிய விளக்கம்

மாடல் விமான என்ஜின் ஒன்று கைக்கு வந்ததும் யாரும் முதலில் செய்வது, ப்ரொபெல்லரைப் பிடித்து மெல்லச் சுற்றிப் பார்ப்பதுதான். பிஸ்டன் மேலே ஏறும்போது விரலைத் திருப்பித் தள்ளினால் கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது என்பார்கள். தடையில்லாமல் லொடலொடவென்று சுற்றினால் கம்ப்ரஷன் போய்விட்டது என்பார்கள். இந்தக் கைப்பழக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் விரலுக்குத் தெரியும் அந்த ஒரு தடைக்குள் மூன்று வேறு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காதவரை எதை அளக்கிறோம் என்பதே தெரியாது.

முதலாவது கம்ப்ரஷன் ரேஷியோ, அதாவது அமுக்க விகிதம். பிஸ்டன் அடியில் இருக்கும்போது அதற்கு மேலே உள்ள மொத்த இடத்தை, அது உச்சியில் இருக்கும்போது மிஞ்சும் இடத்தால் வகுத்தால் வருவது. இது உலோகத்தின் வடிவத்தைப் பொறுத்தது. என்ஜின் தேய்ந்தாலும் ஏறக்குறைய மாறாது. இரண்டாவது கசிவு. அடைபட்ட காற்று பிஸ்டன் ஓரமாகவோ, பிளக் ஓரமாகவோ, ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) இணைப்பு வழியாகவோ எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பது. தேய்மானத்தைக் காட்டுவது இதுதான். மூன்றாவது அழுத்தம், கேஜில் முள் காட்டும் எண். முதல் இரண்டும், சுற்றும் வேகமும், வெப்பமும், கேஜின் அமைப்பும் சேர்ந்த கலவை அது. காரிலும் பைக்கிலும் மெக்கானிக்குகள் கேஜை நம்புவதில் தவறில்லை. 5, 10 சிசி மாடல் என்ஜினில் மூன்றிலும் நம்பக் கூடாதது அதுதான்.

சின்ன என்ஜினில் இது ஏன் இவ்வளவு முக்கியம்

பெட்ரோல் என்ஜினில் எரிபொருளைப் பற்றவைக்கும் நேரத்தைத் தீப்பொறி முடிவு செய்கிறது. க்ளோ பிளக் என்ஜினில் தீப்பொறியே கிடையாது. 1947இல் அமெரிக்காவில் ரே ஆர்டென் விற்பனைக்குக் கொண்டுவந்த க்ளோ பிளக்கில் இருப்பது ஒரு சிறு பிளாட்டினச் சுருள். தொடக்கத்தில் பேட்டரியால் சூடேற்றுகிறோம். பேட்டரியை எடுத்த பிறகு, முந்தைய எரிப்பின் சூட்டாலும், மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் படும்போது நடக்கும் வேதிவினையாலும் சுருள் சிவந்தே இருக்கிறது. கலவை எப்போது பற்றிக்கொள்ளும் என்பது, அது எவ்வளவு நெருக்கி அமுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பெரிதும் பொறுத்தது.

ஆகவே இந்த என்ஜின்களில் அமுக்க விகிதம்தான் இக்னிஷன் டைமிங். விகிதம் கூடினால் எரிப்பு முன்கூட்டியே தொடங்கும், குறைந்தால் தாமதமாகும். எரிபொருளில் நைட்ரோமீத்தேன் கூடினால் கலவை சுலபமாகப் பற்றும், அதனால் விகிதம் குறைவாக இருக்க வேண்டும். நைட்ரோ இல்லாமல் மெத்தனாலும் விளக்கெண்ணெயும் மட்டும் கலந்து ஓட்டினால் விகிதம் கூடுதலாகத் தேவை. ஹெட்டுக்கு அடியில் ஷிம் என்ற மெல்லிய உலோக வளையத்தைச் சேர்ப்பதும் எடுப்பதும் உண்மையில் டைமிங்கைத் திருப்புகிற வேலை.

கேஜ் ஏன் ஏமாற்றுகிறது

ஒரு உண்மையான என்ஜினை வைத்துக் கணக்குப் போடலாம். பலரிடம் இருக்கும் ஓ.எஸ். 46ஏஎக்ஸ் என்ஜினின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 22.0 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 19.6 மி.மீ. பிஸ்டனின் பரப்பு 380 சதுர மி.மீ. அதை ஸ்ட்ரோக்கால் பெருக்கினால் 7.45 சிசி. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் எரிப்பறை 0.80 சிசி என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். (7.45 + 0.80) ÷ 0.80 = 10.3. விகிதம் 10.3க்கு 1.

ஆனால் இது டூ-ஸ்ட்ரோக். எக்சாஸ்ட் துளை மூடும்வரை காற்று சிக்காது. 360 டிகிரிச் சுற்றில் எக்சாஸ்ட் மொத்தம் 148 டிகிரி திறந்திருப்பதாக வைத்தால், பிஸ்டன் மேல் முனைக்கு (உச்சிக்கு) 106 டிகிரி முன்பு துளையை மூடும். அப்போது மிச்சம் இருப்பது ஸ்ட்ரோக்கில் சுமார் 70 சதவீதம், அதாவது 5.2 சிசி. உண்மையில் அமுக்கப்படும் விகிதம் 7.5தான். இரண்டு எண்களும் சரியானவைதான். எதைச் சொல்கிறோம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவே. ஒருவர் 10 என்றும் இன்னொருவர் 7.5 என்றும் சண்டை போடுவது பெரும்பாலும் இந்தக் குழப்பத்தால்தான்.

இப்போது பிளக்கைக் கழற்றிவிட்டு ஒரு கேஜை மாட்டுங்கள். கேஜின் ரப்பர் குழாயிலும் அடாப்டரிலும் 2 சிசி இடம் இருக்கிறது என்றால், எரிப்பறை 0.80 சிசியிலிருந்து 2.80 சிசி ஆகிவிட்டது. விகிதம் 7.5லிருந்து 2.9க்கு விழுந்துவிடும். 400 சிசி கார் சிலிண்டரில் இந்த 2 சிசி ஒரு பொருட்டே இல்லை. இங்கே அது எரிப்பறையைப் போல இரண்டரை மடங்கு. புத்தம் புது என்ஜின்கூடச் செத்துப்போனதாகத் தெரியும்.

இதற்குத் தீர்வு, காற்று திரும்ப வராமல் தடுக்கும் வால்வை மரை முனையிலேயே வைப்பது. அப்போது ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய் நிரம்பி, ஏழெட்டுச் சுற்றில் முள் நிலைக்கு வரும். வால்வுக்கும் எரிப்பறைக்கும் இடையே உள்ள காலி இடம் மட்டும் கணக்கில் சேரும். அது 0.3 சிசி இருந்தால்கூட விகிதம் 5.7க்கு இறங்கிவிடும். டயர் டியூபில் இருக்கும் சாதாரண வால்வைப் போட்டால் அதன் ஸ்பிரிங் கெட்டி, திறக்கவே அழுத்தம் தின்றுவிடும். கம்ப்ரஷன் கேஜுக்கென்றே மெல்லிய ஸ்பிரிங் உள்ள வால்வு தனியாக வருகிறது. க்ளோ பிளக்கின் மரை கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 32 மரை. கார் கேஜோடு வரும் அடாப்டர்கள் இதற்குப் பொருந்தாது, லேத்தில் கடைந்துதான் எடுக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் வேகம் என்ற சிக்கல் பாக்கி இருக்கிறது. கசிவே இல்லை என்று வைத்துக்கொண்டு 7.5 மடங்கு மெல்ல அமுக்கினால் கேஜ் 6.5 பார் காட்ட வேண்டும். அதையே ஸ்டார்ட்டர் மோட்டாரால் வேகமாக அமுக்கினால், சூடு வெளியேற நேரமில்லாமல் 12 பாருக்கு மேலும் போகலாம். கையால் சுற்றும்போது இந்த இரண்டுக்கும் இடையே எங்கேயோ நிற்கும், கசிவு அதிலும் கொஞ்சம் தின்னும். கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டர் உயரத்துக்குப் போனால் உள்ளே வரும் காற்றே ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எனவே கேஜ் எண்ணை அதே என்ஜின், அதே கேஜ், அதே ஸ்டார்ட்டர், அதே வெப்பம் என்ற நிலையில் பழைய எண்ணோடு ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வேறொருவரின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

விகிதத்தை அளக்க: ஒரு சிரிஞ்ச் போதும்

தேவையானவை: 0.01 மி.லி. கோடுகள் போட்ட 1 மி.லி. சிரிஞ்ச், தையல் மிஷின் எண்ணெய், கொஞ்சம் க்ரீஸ், வெர்னியர். விளக்கெண்ணெய் வேண்டாம், கெட்டியாக இருப்பதால் குமிழியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீரும் வேண்டாம், பேரிங் துருப்பிடிக்கும்.

ஹெட்டைக் கழற்றி, பிஸ்டனை உச்சிக்குக் கொஞ்சம் கீழே வைத்து, லைனரும் (பிஸ்டன் ஓடும் உள் உருளை) பிஸ்டனும் சேரும் விளிம்பில் க்ரீஸை மிக மெல்லியதாகத் தடவுங்கள். பிஸ்டனை உச்சிக்கு ஏற்றி, மேலே பிதுங்கும் க்ரீஸைத் துணியால் வழித்து எடுத்துவிடுங்கள். எண்ணெய் ஓரமாகக் கீழே இறங்காமல் தடுக்க இது. ஷிம்களை இருந்தபடியே வைத்து ஹெட்டை மூட்டி, திருகுகளைக் குறுக்கு வரிசையில் இறுக்குங்கள். பிளக் துளை நேர் மேலே பார்க்கும்படி என்ஜினை மரக்கட்டையில் பிடித்து வையுங்கள்.

மேல் முனையைச் சரியாகப் பிடிப்பது பற்றிப் பலர் கவலைப்படுவார்கள். 46 அளவு என்ஜினில் கிராங்க் 5 டிகிரி விலகி நின்றாலும் பிஸ்டன் 0.05 மி.மீ. கூட இறங்காது, பிழை 0.02 சிசிக்குள்தான். பிளக் துளை வழியே ஒரு மெல்லிய குச்சியை விட்டு, அது ஏறி நின்று இறங்கத் தொடங்கும் இடத்துக்கு நடுவே நிறுத்தினால் போதும். நிறுத்திய பிறகு கிராங்க் அசையாமல் ப்ரொபெல்லரைக் கட்டிவிடுங்கள்.

சிரிஞ்சில் 1.00 வரை எண்ணெய் ஏற்றி, உள்ளே குமிழி இல்லாமல் தட்டி எடுத்து, துளையின் ஓரமாக மெல்ல விடுங்கள். முக்கால்வாசி நிரம்பியதும் என்ஜினைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் சாய்த்து நிமிர்த்துங்கள். ஹெட்டின் ஓர இடுக்கில் சிக்கிய காற்று, கடுகளவு குமிழியாக மேலே வந்து உடையும். வராவிட்டால் அந்தக் குமிழியின் அளவுக்கு எரிப்பறை சின்னதாகத் தெரியும். பிறகு எண்ணெய் துளையின் மேல் விளிம்பைத் தொடும்வரை துளித்துளியாக விடுங்கள். கடைசித் துளி விளிம்பில் குவிந்து பளபளக்கக் கூடாது, தட்டையாக நிற்க வேண்டும்.

0.93 மி.லி. போயிருக்கிறது என்று வைப்போம். இதில் மரைத் துளையின் கொள்ளளவும் அடக்கம். அந்த மரையின் சராசரி விட்டம் 5.83 மி.மீ., பரப்பு 26.7 சதுர மி.மீ. துளையின் ஆழம் 5 மி.மீ. என்றால் 0.13 சிசி. அதைக் கழித்தால் 0.80. பிளக்கின் சுருள் இருக்கும் சிறு குழியும் சேர வேண்டியதுதான், ஆனால் எப்போதும் ஒரே வகை பிளக் போடுபவர் அதை விட்டுவிடலாம். பிளக்குக்கு அடியிலுள்ள செம்பு வாஷரை மட்டும் மறக்க வேண்டாம். அதன் கனம் அளவுக்குப் பிளக் மேலே ஏறி நிற்கும், எனவே கழிக்கும் ஆழத்திலிருந்து வாஷர் கனத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். 0.01 மி.லி. தவறினால் விகிதம் 10.3க்குப் பதில் 10.2 ஆகும், பரவாயில்லை. மூன்று அளவும் 0.03க்கு மேல் விலகினால், அல்லது நிரப்பிய எண்ணெய் ஒரு நிமிடத்தில் கண்ணெதிரே இறங்கினால், க்ரீஸ் அடைப்பு சரியில்லை. முதலிலிருந்து செய்ய வேண்டும். காக்ஸ் 049 போன்ற 0.8 சிசி என்ஜினில் இந்த முறை தடுமாறும். அங்கே எரிப்பறையே ஏறக்குறைய 0.1 சிசிதான், ஒரு கோடு பிழை பத்து சதவீதம். போதாக்குறைக்கு ஹெட்டும் பிளக்கும் ஒரே துண்டு, மேலிருந்து ஊற்ற வழியில்லை. ஹெட்டைக் கவிழ்த்து அதன் குழியை மட்டும் நிரப்பி, பிஸ்டன் உச்சியில் லைனர் விளிம்புக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்பதை அளந்து கூட்டிக்கொள்ள வேண்டும்.

அளந்த பிறகு எண்ணெய் உள்ளே இருக்கும்போதே கிராங்கைச் சுற்றிவிடாதீர்கள். திரவம் அமுங்காது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். துளை கீழே பார்க்கும்படி கவிழ்த்து முழுவதும் வடித்த பிறகே சுற்ற வேண்டும்.

ஷிம்மும் ஈயக் கம்பியும்

46 அளவு போரில் 0.1 மி.மீ. ஷிம் ஒன்று 0.038 சிசி கூட்டும். மேலே சொன்ன என்ஜினில் விகிதம் 10.3லிருந்து 9.9 ஆகும். 0.2 மி.மீ. என்றால் 9.5. ஷிம்மை எடுக்கும் முன் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். 0.8 மி.மீ. சால்டரிங் ஈயக் கம்பித் துண்டுகள் இரண்டை, பிஸ்டன் பின் ஓடும் திசையில் எதிரெதிர் ஓரங்களில் துளி க்ரீஸால் ஒட்டி, ஹெட்டை இறுக்கி, உச்சியைத் தாண்டி ஒருமுறை சுற்றிவிட்டு, நசுங்கிய கனத்தை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். வேறு திசையில் வைத்தால் பிஸ்டன் சாய்ந்துகொடுத்துத் தவறான அளவு காட்டும். ஷிம்மை எடுத்த பிறகு 0.25 மி.மீட்டருக்குக் கீழே போகிறது என்றால் எடுக்காதீர்கள். சூட்டில் நீளும் ராட், தேய்ந்த புஷ் எல்லாம் சேர்ந்து பிஸ்டன் ஹெட்டைத் தொட்டுவிடும்.

விகிதம் அதிகமானதை என்ஜின் தானே சொல்லும். எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் நீடிலைக் கொஞ்சம் இறுக்கினதும் வேகம் தொய்யும், எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல ஒரு சடசடப்பு கேட்கும், பிளக் சுருள் அடிக்கடி அறும், பிஸ்டன் தலையில் பொடிப் புள்ளிகள் விழும். குறைவாக இருந்தால் பேட்டரியை எடுத்ததும் சுருதி இறங்கும், ஐடிலில் நிற்காது.

கசிவை அளக்க: எடையும் கடிகாரமும்

முதலில் ஒரு பொய்த் தடையைப் பிரித்தறிய வேண்டும். ஏபிசி வகை என்ஜினில் பித்தளை லைனருக்குள் குரோமியம் பூசி, அலுமினியப் பிஸ்டன் ஓடும். 46ஏஎக்ஸ் போன்றவற்றில் குரோமியத்துக்குப் பதில் நிக்கல். லைனரின் மேல்பக்கம் வேண்டுமென்றே சற்றுக் குறுகலாகச் செய்யப்பட்டிருக்கும். ஓடும் சூட்டில் பித்தளை கூடுதலாக விரிந்து இடம் விடும். குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் உச்சியில் கிறீச்சென்று இறுகிப் பிடிக்கும். அது உலோகப் பிடிப்பு, காற்றல்ல. பிளக்கைக் கழற்றிவிட்டுச் சுற்றிப் பாருங்கள். அப்போதும் மிஞ்சும் தடை பிடிப்பு. காணாமல்போன தடை கம்ப்ரஷன். லைனரின் மேல்பகுதியில் காய்ந்து பழுப்பேறிய விளக்கெண்ணெய்ப் படிவும் இதே பிடிப்பைப் போலியாகத் தரும். பழைய என்ஜினை விற்பவர் "கம்ப்ரஷன் பிரமாதம்" என்று சொல்லும்போது இந்தச் சோதனை உங்கள் பணத்தைக் காப்பாற்றும்.

அளப்பதற்கு, ப்ரொபெல்லருக்குப் பதில் இருபுறமும் சமமாக நீளும் ஒரு பட்டையான அலுமினியச் சட்டத்தை நட்டில் மாட்டுங்கள். பிஸ்டன் மேல் முனைக்கு 40 டிகிரி முன்னே இருக்கும்போது சட்டம் கிடைமட்டமாக நிற்கட்டும். ஷாஃப்டின் மையத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி, சுற்றும் திசையில் இழுக்கும்படி 300 கிராம் எடையைத் தொங்கவிடுங்கள். காற்றுத் தலையணை சட்டத்தைத் தாங்கும். கசியக் கசியச் சட்டம் மெல்லத் தாழ்ந்து, ஒரு கட்டத்தில் உச்சியைத் தாண்டிச் சட்டென்று விழும். தொங்கவிட்டதிலிருந்து விழும்வரை எத்தனை நொடி என்பதே உங்கள் அளவு. எடை நகரவே இல்லையென்றால் கூட்டிக்கொள்ளலாம். பிளக் கிளிப் கழன்றிருக்க வேண்டும், முகமும் விரலும் சட்டத்தின் பாதையில் இருக்கக் கூடாது.

ஏபிசி குடும்ப என்ஜின்களில் ஹீட் கன்னால் ஹெட்டைச் சுமார் 100 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். இல்லையென்றால் உலோகப் பிடிப்பே எடையைத் தாங்கி, காற்றே இல்லாத என்ஜினுக்கும் நல்ல பெயர் வாங்கித் தரும். பிஸ்டனைச் சுற்றி ரிங் உள்ள என்ஜின் இதற்கு நேரெதிர். உலர்ந்திருக்கும்போது படுமோசமாகக் கசியும். ரிங்கின் பின்னால் அழுத்தம் சேர்ந்தால்தான் அது சுவரோடு ஒட்டும், மெல்லச் சுற்றும்போது அந்த அழுத்தம் சேராது. ஆகவே ரிங் என்ஜின் கையில் தளர்வாகத் தெரிந்தால் உடனே கைவிட்டுவிடாதீர்கள்.

நொடிகள் குறைந்துகொண்டே வந்தால் எண்ணெய்ச் சோதனை செய்யலாம். பிளக் துளையில் 0.05 மி.லி. எண்ணெய் விட்டு, பிளக் இல்லாமல் பத்துச் சுற்று சுற்றி மிச்சத்தை வெளியே தள்ளிவிட்டு, மீண்டும் எடையைத் தொங்கவிடுங்கள். நேரம் பல மடங்கு கூடினால் கசிவு பிஸ்டன் அல்லது ரிங் ஓரம். மாறாவிட்டால் பிளக், ஹெட், ஃபோர்-ஸ்ட்ரோக் என்றால் வால்வு. எண்ணெயை அள்ளி ஊற்றுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 0.1 மி.லி. உள்ளே தங்கிவிட்டாலே எரிப்பறை எட்டில் ஒரு பங்கு சுருங்கி, 7.5 என்ற விகிதம் 8.4 ஆகிவிடும். கசிவு குறைந்ததா, இடம் குறைந்ததா என்று பிறகு சொல்லவே முடியாது.

இடத்தைக் கண்டுபிடிக்க, பிளக்கைச் சுற்றியும், பிளக்கின் நடு முனையிலும், ஹெட் இணைப்பிலும் எண்ணெய் தடவி மெல்லச் சுற்றுங்கள். குமிழி வந்த இடம் ஓட்டை. பிளக்கின் நடு முனையிலேயே குமிழி வந்தால் பிளக்கை மாற்றினால் சரியாகிவிடும், நல்ல என்ஜின்கள் பலவற்றுக்கு இந்த ஒரே காரணத்தால் கெட்ட பெயர் வருகிறது. கார்புரேட்டர் வாயில் உஸ்ஸென்று கேட்டால் காற்று பிஸ்டனைத் தாண்டி கிராங்க்கேஸுக்குள் போகிறது. எக்சாஸ்ட் துளை வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். லைனரில் நெடுங்கோடுகள் இருந்தால் தூசி போயிருக்கிறது. பூச்சு உரிந்து பித்தளை மஞ்சளாகத் தெரிந்தால் லைனரும் பிஸ்டனும் ஜோடியாக மாற்றப்பட வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் பொருந்தாது.

டீசல் என்று அழைக்கப்படும் மாடல் என்ஜின்களில் ஈதர், மண்ணெண்ணெய், எண்ணெய் கலவை அமுக்கத்தின் சூட்டாலேயே பற்றுகிறது. பிளக் கிடையாது, மேலே ஒரு திருகும் அதன் கீழே நகரும் கான்ட்ரா-பிஸ்டனும் விகிதத்தை ஓடும்போதே மாற்றும். அதனால் அங்கே சிரிஞ்சுக்கு வேலையில்லை. கசிவுச் சோதனைதான் எல்லாம், ஏனென்றால் கொஞ்சம் கசிந்தாலும் சூடு போதாமல் ஸ்டார்ட் ஆகாது. சோதனைக்கு முன் திருகைக் கால் சுற்று தளர்த்தி, எரிபொருள் உள்ளே தேங்கவில்லை என்று உறுதிசெய்த பிறகே சட்டத்தை மாட்டுங்கள்.